பேஸ்மட்டம்

எங்கள் அன்னை நகரில் ஒருவருடைய வருமானத்தைத் தெரிந்துகொள்ள அவர் வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. வாசலில் நின்று பேஸ்மட்டத்தின் உயரத்தைப் பார்த்தால் போதும். அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் வழியில் சோளக்கொல்லையாக இருந்த இடம் இது. முதலில் மனை வாங்கியவர்கள் சிமெண்ட் ஆலைத் தொழிலாளிகளும் வாத்தியார்களும். இரண்டடி உயர்த்திக் கட்டிவிட்டு அதற்கே சாமிக்கு நன்றி சொன்னார்கள். அப்புறம் சுண்ணாம்புக்கல் லாரி முதலாளிகள் வந்தார்கள், மூன்றரை அடி. சிங்கப்பூர்ப் பணம் வந்தது, நாலரை அடி. கடைசியாக ஒரு எலும்பு டாக்டர் வந்தார். அவர் வீட்டுப் படியில் ஏறி இறங்கினாலே அவரிடம் வைத்தியத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

அத்தனை உயரத்துக்குக் கார் ஏற வேண்டுமே. ஆளுக்கொரு சாய்தளம் போட்டோம். எனக்கும் ஒன்று இருக்கிறது, மறைப்பானேன். எல்லாச் சாய்தளமும் தெருவுக்குள் நீண்டு ஓரத்திலிருந்த மண் வாய்க்காலை மூடிவிட்டன. போக்கிடம் இல்லாத மழைத் தண்ணீர் நேராக அருளானந்தம் வீட்டுக்குப் போனது.

அருளானந்தம் ஆலையில் மூட்டை நிரப்பும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் வரதராசன்பேட்டை. இந்த நகரில் முதலில் எழும்பியது அவர் வீடுதான். ஐப்பசி பிறந்தால் அவர் மனைவி ஆனி ரோஸ் அரிசி மூட்டையையும் டிவியையும் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, பக்கத்து வீட்டு மலர்க்கொடியோடு சேர்ந்து வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றுவார். மலர்க்கொடி புருஷனை இழந்தவள், டாக்டரின் கிளினிக்கில் துப்புரவு வேலை. இரண்டு அறை வீடு, அதுவும் பள்ளத்தில்.

வடிகால் கேட்டு அருளானந்தம் ஏறாத ஆபீஸ் இல்லை, துணைக்கு மலர்க்கொடியும் போவாள். நகர்ச் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் எழுந்து, சாய்தளங்களை இடித்தால்தான் தெருவுக்கு விமோசனம் என்று தொண்டை கட்டுமட்டும் பேசுவார். நாங்கள் முந்திரிப் பக்கோடா தின்றபடி அனுதாபப்படுவோம். சங்கத் தலைவர் முத்தமிழ்செல்வனுக்கு லாரிகள் அதிகம், பொறுமை குறைவு. ஒருநாள் அவர் சொல்லியேவிட்டார்.

“தண்ணிய ஏண்ணே கொற சொல்றீங்க? காலத்துக்குத் தக்கன நாமதான் ஒசந்துக்கணும்.”

அருளானந்தத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. பென்ஷன் மாதிரி வட்டி வரட்டும் என்று பேங்கில் போட்டு வைத்திருந்ததை எடுத்தார். வீட்டைத் தூக்கும் ஆட்கள் வந்து அஸ்திவாரத்துக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்தார்கள். வீடு அங்குலம் அங்குலமாக மேலே போவதை நாங்கள் குடும்பத்தோடு வீடியோ எடுத்தோம். கடைசியில் டாக்டர் வீட்டைவிட ஒரு சாண் கூடுதலாக நின்றது. கணக்குத் தவறிவிட்டது என்றார் அருளானந்தம். யாரும் நம்பவில்லை. வாசலில் கிரானைட் படி, அதையொட்டிச் சாய்தளம், இரண்டும் தெருவுக்குள் நீண்டன. கார்தான் இல்லை. ஃபாதர் வந்து, படியேறி, மூச்சு வாங்கியபின் தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார்.

அடுத்த ஐப்பசியில் தெருத் தண்ணீர் மொத்தமும் மலர்க்கொடி வீட்டில் இறங்கியது. அருளானந்தம் புது வராண்டாவில் நின்று எட்டிப் பார்த்து ரொம்பவும் வருத்தப்பட்டார். ஆனி ரோஸ் மட்டும் வாளியோடு படியிறங்கிப் போனார்.

தை மாதம் வடிகாலுக்கு அனுமதி கிடைத்தது. நகராட்சியிலிருந்து வினோதினி என்ற பொறியாளர் வந்து தெருவோரம் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டுக்கு வெளியே வரும் படி, சாய்தளம் எல்லாவற்றையும் இடிக்க வேண்டும், தெருக்காரர்கள் சம்மதித்தால் உடனே வேலை, தகராறு என்றால் பணம் வேறு தெருவுக்குப் போய்விடும் என்றார். நாங்கள் தகராறு செய்தோம். அந்தப் பெண் சலிக்காமல், மனுக்களில் கையெழுத்துப் போட்டிருந்த அருளானந்தம் யார் என்று விசாரித்து அவரிடமே போனார். வேலைக்குப் போகாமல் காத்திருந்த மலர்க்கொடியும் பின்னாலேயே வந்து நின்றாள்.

“நீங்கதான சார் இத்தன வருஷமா வடிகால் கேட்டீங்க? நீங்க ஒருத்தரு சம்மதிச்சா மத்தவங்கள நான் பேசிச் சரிக்கட்டிருவேன்.”

கோடு கிரானைட் படியின் நடுவில் போயிருந்தது. அருளானந்தம் அதைப் பார்த்தார். மலர்க்கொடியைப் பார்க்கவில்லை.

“கேட்டது வாஸ்தவந்தாங்க. ஆனா இப்ப எங்க வூட்டுக்குத் தண்ணி வர்றதில்லீங்களே.”

பொறியாளர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். முத்தமிழ்செல்வன் அருளானந்தத்தின் தோளில் கைபோட்டு, சங்கத்தில் துணைத்தலைவர் பதவி காலியாக இருப்பதாகச் சொன்னார். மலர்க்கொடிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவரோடு சேர்ந்து எத்தனை ஆபீஸ் ஏறியிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா என்று கேட்கப் போனாள்.

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்த ஆனி ரோஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடு மலரு. அவரு இந்தத் தெருவுக்கு இப்பதான குடி வந்திருக்காரு.”