ஒரு டிரம், இரண்டு கொக்கி

நாற்பது டன் பாய்லர் டிரம், நீளமான இரும்பு உருளை, ஆள் உயரத்துக்கு எழும்பியபோது அவள் கிரேன்களுக்கு அடியில் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முனை அப்பாவின் கிரேனில், மறுமுனை மாமாவின் கிரேனில். மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

படித்தவள் என்று பாதுகாப்பு அதிகாரி வேலை கொடுத்திருந்தார்கள். வாயைத் திறக்க மட்டும் கூடாது. மழையில் மண் ஊறியிருக்கிறது, இன்று தூக்க வேண்டாம் என்று காலையில் எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் அதை மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்தார்.

"மண்ணுன்னா ஈரமாத்தாம்மா இருக்கும்."

இப்போது மாமாவின் பக்கம் மண் உள்வாங்கியது. கிரேனைத் தாங்கும் ஜாக்கிக் கால், அடியில் வைத்த மரக்கட்டையோடு புதைய, டிரம்மின் அந்த முனை தாழ்ந்தது. சிக்னல்காரர் இரண்டு கைகளையும் விரித்து, நில் என்றார். அவர் காட்டாமல் யாரும் லீவரைத் தொடக் கூடாது. அப்பாவுக்கு அது தெரியாததில்லை. ஆனால் அங்கே திணறுவது மச்சான். அப்பா தன் கொக்கியை மேலே இழுத்தார். பீரோ தூக்கும்போது எதிராளி தடுமாறினால் நாம் கொஞ்சம் தம் கட்டுவோமே, அந்த நினைப்பு. உயர்ந்த முனைக்குத்தான் பாரம் நகரும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு உறைக்கும்?

"அப்பா, ஏத்தாத. இறக்கு," என்றாள் வாக்கி-டாக்கியில்.

"நான் விட்டா மச்சான் செத்தான்மா."

"நீ ஏத்தினா நீ செத்த. பாரம் உன் பக்கம் வருது."

"படிச்சது நீ. ஓட்டுறது நான்."

அப்பாவின் கிரேனுடைய பின்பக்க ஜாக்கிக் கால் கட்டையை விட்டு எழும்பியது. கேபினில் டிரம்மையே பார்த்திருப்பவருக்கு அது தெரியாது. அவள் ஓடினாள். தலைக்கவசத்தைக் கழற்றி அந்த இடைவெளிக்குள் தள்ளினாள். கேபினின் பக்கக் கண்ணாடியில் அப்பாவின் கண்கள் இந்தப் பக்கம் திரும்புவது தெரிந்தது.

"பாத்தியா? உன் காலுக்கு அடியில இவ்ளோ பெரிய ஓட்டை."

அப்பா லீவரிலிருந்து கையை எடுத்தார். பிறகு சிக்னல்காரர் கை காட்டக் காட்ட, இரண்டு கொக்கிகளும் அங்குலம் அங்குலமாக இறங்கின. பின்கால் தலைக்கவசத்தை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. டிரம் தரையைத் தொட்டது.

மேனேஜர் வந்தார். "அரை மணி நேரம். இரும்புத் தகடு போட்டு மறுபடி தூக்குங்க. முடியாதுன்னா நாளைக்கு வேற ஆளு."

"தகடு போட்டா தாங்கும், அத்தான்," என்றார் மாமா. அவருக்கு மூன்று பிள்ளைகள்.

"அவன் ஏறினா நானும் ஏறித்தானே ஆகணும்," என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். "நீ தள்ளி நில்லும்மா."

எழுதிக் கொடுத்தாயிற்று, கத்தியாயிற்று. இனி எதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

தகடு போட்டார்கள். இரண்டு எஞ்சின்களும் உறுமின. அவள் டிரம்மின் மேல் ஏறி, இரண்டு கொக்கிகளுக்கும் நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மழை விட்டு அடித்த வெயிலில் இரும்பு தொடையைச் சுட்டது.

"இறங்குடி," என்றார் மேனேஜர்.

"தூக்குங்க," என்றாள்.

அப்பாவின் எஞ்சின் அணைந்தது. மாமாவினுடையது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கேபினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.