ஆல்பத்தில் திறந்த கண்கள்

"கண்ணை நல்லாத் திறங்க" என்று நாள் முழுக்க அடுத்தவரை அதட்டுவதுதான் ஸ்டூடியோக்காரருக்குப் பிழைப்பு. அவருடைய இமையோ சின்ன வயதிலிருந்தே தானாகச் சரியும். படியேறினால் பாதியில் கால் மக்கர் பண்ணும். தூங்குமூஞ்சி என்ற பட்டத்தோடு ஐம்பது வயதில் டாக்டரிடம் போனார்.

"நரம்பு சொல்றது தசைக்குச் சரியாப் போய்ச் சேரல. பரம்பரையா இருக்கலாம். பழைய குடும்பப் போட்டோ கொண்டாங்க, இமையைப் பாக்கணும்."

மறுநாள் பெருமையாக ஆல்பத்தை நீட்டினார்.

"அப்பா, அக்கா, நீங்க... எல்லாருக்கும் ஒரே கண்ணா இருக்கே?"

ஸ்டூடியோக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. தொழில் சுத்தம் பேசி, அரைக்கண் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் திருத்தித் தொலைத்த மேதாவி அவரேதான்.

"அது அக்கா வீட்டுக்காரர் கண்ணு, டாக்டர். எங்க வீட்ல முழுசாத் திறந்திருந்தது அது ஒண்ணுதான்."

டாக்டர் ஆல்பத்தை மூடினார். "பரம்பரையேதான்."