பெரிய எழுத்தில் படிப்பவர்கள்

ஜூன் மாதத்து முதல் மழை இறங்கியதும் யுன்னான் மலைக்காரர்களுக்குக் காளான் பைத்தியம் பிடித்துவிடும். அலுவலகத்துக்காரன் மேலதிகாரியின் காலைப் பிடித்தாவது விடுப்பு வாங்கிக்கொண்டு கூடையோடு மலையேறுவான். ஒவ்வொரு பருவத்திலும் சிலர் செத்தும் போவார்கள். காளான் தின்று செத்தவரின் கருமாதி விருந்திலேயே காளான் குழம்பு ஊற்றிய ஊர் அது. சாவுக்குப் பயந்து நாக்கைக் கட்டிப்போட அங்கே யாருக்கும் தெரியாது.

அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் யின் ருயிபிங் உயிரியல் டீச்சர். போன பருவத்தில் அவள் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஒரே சட்டியில் தின்று ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். படிப்பை நிறுத்திப் போன அந்தப் பெண்ணின் காலி பெஞ்சைப் பார்த்துப் பார்த்து ருயிபிங்கிற்கு நெஞ்சு புண்ணாகிப் போனது. காளான்களைப் பற்றி அவள் நடத்திவந்த வலைப்பதிவுக்கு ஊரில் பாதிப் பேர் வாசகர்கள். இந்தத் தடவை மழை வருவதற்குள் ஒரே பதிவில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். தின்னக்கூடியது இடப்பக்கம், அதைப் போலவே இருந்து ஆளைக் கொல்வது வலப்பக்கம், ஒவ்வொன்றின் கீழும் பச்சையிலோ சிவப்பிலோ ஒரு பட்டை. பார்த்த மாத்திரத்தில் புரிய வேண்டும்.

வலைப்பதிவு மேடையோடு வந்த எடிட்டரில் இது நடக்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் படத்துக்குக் கீழே படம், எழுத்துக்குக் கீழே எழுத்து. அதனால் அந்த நாட்டில் பதிவு எழுதும் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வெளியாட்கள் இலவசமாகத் தருகிற அலங்கார எடிட்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அவற்றில் பக்கத்தை அழகாகக் கட்டி, அப்படியே அள்ளி மேடையில் ஒட்டிவிடலாம். ‘மூங்கில்’ என்ற ஒன்று காசு கேட்கவில்லை, ஆனால் பதிவின் அடியில் உடம்பு இளைக்கும் தேநீர் விளம்பரத்தை ஒட்டிவிட்டது. சாவைப் பற்றிய பதிவின் அடியில் தொப்பை குறைக்கும் தேநீரா என்று அதை மூடினாள். ‘நீலக்குருவி’ நல்ல கட்டங்களை எல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு சந்தா கட்டினால் திறப்பேன் என்றது. கடைசியில் அகப்பட்டது ‘பட்டுநூல்’. அதில் எல்லாமே சும்மா. படத்தை இழுத்து வந்து விட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும். திரையின் ஓரத்தில் ஒரு கைப்பேசியின் உருவம் இருக்கும். வாசகர் கையில் பதிவு எப்படித் தெரியும் என்று அதில் அப்போதைக்கப்போது பார்த்துக்கொள்ளலாம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

அவள் கணவன் லாவ் ஹே ஊர்ப் பேருந்து ஓட்டுகிறவன். அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருக்க, பெண்டாட்டி திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

“படத்துக்குக் கீழ படமாப் போட்டா என்ன கொறஞ்சா போயிடும் டீச்சரம்மா? ஜனங்க காளானத்தான் திங்கப்போறாங்க, உன் கட்டத்த இல்ல.”

“பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் வித்தியாசம் தெரியும். நீங்க பஸ்ஸ ஓட்டுங்க, இத நான் ஓட்டிக்கறேன்.”

அவன் சிரித்துக்கொண்டு அடுப்பை அணைக்கப் போனான். அவள் தன் கைப்பேசியிலும், பள்ளியில் கூட வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தியின் கைப்பேசியிலும் பதிவைப் போட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை. சனிக்கிழமை காலையில் வெளியிட்டாள்.

மேடையில் ஒரு விதி உண்டு. ஒரு நாளைக்கு ஒரு பதிவைத்தான் வாசகர் எல்லோருக்கும் அனுப்ப முடியும். அனுப்பியபின் நாலு எழுத்தை மாற்றலாம், படத்தைத் தொட முடியாது. பிழை இருந்தால் பதிவையே அழிக்க வேண்டியதுதான். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. மத்தியானத்துக்குள் ஊரே அதைப் பகிர்ந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார். மலைமேல் தனியாக இருக்கும் அவளுடைய அண்ணன் ருயிசாங், குரல் செய்தியில் தன் தங்கை உயிர் காக்கும் சாமி என்று கத்தியிருந்தார். ருயிபிங்கிற்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலம் யாரோ ஒருவர் பதிவின் கீழே கேட்டிருந்தார்: தண்டில் வளையம் போட்ட சாம்பல் குடைக் காளானைத் தின்னலாம் என்று போட்டிருக்கிறீர்களே, நிஜந்தானா டீச்சர்? அவளுக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு பாடுபட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதன் கீழ் சிவப்புப் பட்டையும் போட்டுக் காட்டிய பிறகும் இப்படி ஒரு கேள்வியா? படத்தை ஒழுங்காகப் பாருங்கள் என்று பதில் போட்டாள். அந்த மனிதர் ஒழுங்காகத்தான் பார்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசகர்களுக்கு நன்றி சொல்லி, ஓரத்தில் பூக்கள் மலரும் சட்டம் போட்டு இன்னொரு பதிவு அனுப்பினாள். அன்றைய ஒரே வாய்ப்பு அதில் போயிற்று.

மத்தியானம் அரிசி நூடுல்ஸ் தின்றபடி லாவ் ஹே முதல் தடவையாக அந்தப் பதிவைத் தன் கைப்பேசியில் திறந்தான்.

“என்னடி இது, கொல்றதுக்குப் போய் பச்சக்கொடி காட்டியிருக்க?”

வழக்கம்போல் சீண்டுகிறான் என்று நினைத்துத்தான் அவள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஐம்பது தாண்டிய எல்லோரையும் போல அவனும் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தான். எழுத்து பெரிதானதும் ஒரு பட்டையில் இருந்த நீளமான பெயர் இரண்டு வரியாகியிருந்தது. அந்தப் பட்டை வீங்கி அடுத்த படத்தை நகர்த்த, அது அதற்கடுத்ததை நகர்த்த, அங்கிருந்து கீழே எல்லாப் பட்டைகளும் ஓரிடம் தள்ளி நின்றன. சாம்பல் குடையின் கீழே பச்சைப் பட்டையில் எழுதியிருந்தது: புள்ளிக்கோழிக் காளான், தின்னலாம். பார்க்க ஒரு கோணலும் இல்லை. பட்டுநூலின் அழகு அப்படி. தப்பையும் நேர்த்தியாகவே அடுக்கியிருந்தது.

அவள் முதலில் பதிவை அழித்தாள். எச்சரிக்கை அனுப்பப் போனால், இன்றைக்கு அனுப்பியாகிவிட்டது, நாளை வாருங்கள் என்றது மேடை. பதிவை அழித்து மட்டும் என்ன? அதற்குள் ஜனங்கள் அதைத் திரையிலிருந்து ஒரே நீளப் படமாகப் பிடித்துக் குடும்பக் குழுக்களில் போட்டிருந்தார்கள். பிடித்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் கிழவர்கள். ஊரில் மலையேறிக் காளான் பறிக்கிறவர்களும் அவர்கள்தான். சாம்பல் குடையைத் தொடாதீர்கள் என்று அவள் ஒவ்வொரு குழுவிலும் கதறி எழுதினாள். லாவ் ஹே தன் ஓட்டுநர் நண்பர்களையும் கிராமத் தலைவர்களையும் கூப்பிட்டுச் சொன்னான். எல்லோரும் சரி சரி என்றார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் எடுக்கவே இல்லை.

ருயிசாங்கின் பெண்டாட்டி மகளின் பிரசவத்துக்காகக் குன்மிங் போயிருந்தாள். அவர் ஒரு கோழிக்கூட்டத்தோடும் சோளக்கொல்லையோடும் மலைமேல் தனியாக இருந்தார். சாயங்காலம் போல் அவரே திருப்பிக் கூப்பிட்டார்.

“ஏன் தங்கச்சி இத்தன தடவ கூப்பிட்டிருக்க? யாராவது போயிட்டாங்களா?”

“அண்ணே, சாம்பல் குடை எதாவது பறிச்சீங்களா?”

“பறிச்சு காலைலயே தின்னாச்சு. பன்றிக்கொழுப்புல பூண்டு போட்டு வதக்கி, நூடுல்ஸ் மேல கொட்டி. என்ன ருசிங்கற.”

 அது விஷம், விரலை விட்டு வாந்தியெடுங்கள், நாங்கள் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறோம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணன் சிரித்தார். விஷமாக இருந்தால் இந்நேரம் நுரை தள்ளியிருக்காதா, நான் சோளத்துக்குக் களை எடுத்துவிட்டுத்தானே வருகிறேன் என்றார். அவள் பாடமே நடத்தியிருக்கிறாள்: இந்த விஷத்துக்கு அவசரம் கிடையாது. அது முதலில் ஒன்றும் செய்யாது. அந்த ஒன்றும் செய்யாததுதான் அதன் முதல் வேலை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் நின்று, வந்தது வந்தீர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று வம்பு செய்தார். லாவ் ஹே அவரைக் கிட்டத்தட்டத் தூக்கித்தான் வண்டியில் போட்டான். பாதி மலை இறங்குவதற்குள் வாந்தி ஆரம்பித்தது. மருத்துவமனை வாசலில் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. மறுநாள் முழுக்க வயிறு அவரைப் பிழிந்து போட்டது. விடிந்ததும் மேடையில் எச்சரிக்கையை அனுப்பிவிட்டு, ருயிபிங் பக்கத்திலேயே உட்கார்ந்து வாந்திப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவது இதேபோல் கொண்டுவரப்படுகிறார்களா என்று கதவு திறக்கும்போதெல்லாம் அவள் உயிர் போய் வந்தது. அன்று யாரும் வரவில்லை.

அதற்கடுத்த நாள் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். வாந்தி நின்றிருந்தது. முகத்தில் களை வந்திருந்தது. கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார், ஊறுகாய் இல்லையா என்று தாதியிடம் சண்டைக்குப் போனார். அடுத்த படுக்கைக்காரர்கள் கெட்டி உசுரு என்று சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, குன்மிங் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி சொல்லியிருப்பதாக ருயிபிங்கிடம் தணிந்த குரலில் சொன்னார். அவளுக்கு அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆள் தேறியது போல் காட்டி, உள்ளே ஈரலைத் தின்னும் நாள் இது என்று அவளே அந்தப் பதிவில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தாள்.

தலைமையாசிரியர் காலையிலேயே அழைத்திருந்தார். பதிவைத்தான் அழித்தாயிற்றே, தான் தப்பாகப் படித்துவிட்டதாக உன் அண்ணனே சொல்கிறாராம், நீ வாயைத் திறக்காதே, பள்ளிக்கும் நல்லது உனக்கும் நல்லது என்றார்.  அவர் சொன்னபடி செய்வது எவ்வளவு சுலபம் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. வண்டி வரும்வரை அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“டாக்டர் கேட்டாரு, எதப் பார்த்துத் தின்னேன்னு. என் தங்கச்சி எழுதினது சரிதான், நான்தான் மாத்திப் படிச்சுட்டேன்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் பயப்படாத.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்பவும் அதத் தொடமாட்டேன் தங்கச்சி. இத்தன வருசமா மலையில பாத்தா தாண்டித்தான் போவேன். நீ தின்னலாம்னு போட்டிருந்ததா எனக்குத் தோணிச்சு. நீ படிச்சவ, தப்பா எழுதுவியான்னு பறிச்சேன். இப்ப யோசிச்சா பயமா இருக்கு. அப்பாவுக்கும் கடைசில இப்படித்தான ஆரம்பிச்சுது? பேர மாத்திச் சொல்லுவாரு, எழுத்த மாத்திப் படிப்பாரு. எனக்கும் அது வந்துடுச்சோன்னு நேத்துலேருந்து அதேதான் நெனப்பு. செத்தாலும் பரவால்ல, அப்பா மாதிரி ஆயிடக் கூடாது.”

விஷத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. தன் மூளை கெட்டுவிட்டது என்றுதான் அந்த மனிதர் வாந்திக்கு நடுவிலும் பயந்துகொண்டிருந்தார்.  தலைமையாசிரியர் சொன்னது ருயிபிங்கின் காதில் இருந்தது. கூடவே அண்ணனின் கை அவள் கைக்குள் இருந்தது.

“அண்ணே, நீங்க சரியாத்தான் படிச்சீங்க.”

“என்ன?”

“உங்க போன்ல அப்படித்தான் தெரிஞ்சுது. பெரிய எழுத்துல படிக்கிற எல்லாருக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. நான் அழகா வரணும்னு ஒரு எடிட்டரப் பிடிச்சேன். பெரிய எழுத்து வச்சிருக்கிற ஒரு போன்ல கூடப் போட்டுப் பாக்கல. அந்தப் பச்சப் பட்டைய அங்க வச்சது நான்தான்.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்ட மாட்டாரா என்றிருந்தது.

“அப்ப நான் மாத்திப் படிக்கல?”

“இல்லண்ணே. ஒரு எழுத்துகூட மாத்திப் படிக்கல.”

அண்ணனின் தோள்கள் தளர்ந்தன. பெரிய சுமையை இறக்கியவர் போல் தலையணையில் சாய்ந்து, “அப்ப எனக்குப் புத்தி கெட்டுப் போகல” என்றார். அடுத்த படுக்கைக்காரரைக் கூப்பிட்டு, தன் தலை இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது, தங்கச்சியே சொல்லிவிட்டாள் என்று பெருமையடித்துக்கொண்டார். வாய்கொள்ளாச் சிரிப்போடு அவள் பக்கம் திரும்பியபோது ஜன்னல் வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. இன்னும் கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா என்று கேட்டார். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.