தள்ளிவிட ஓர் ஆள்

நான்கு கால் ரோபோ ஒன்று நடந்து வரும். பக்கவாட்டில் ஒரு பெட்டி உருண்டு வந்து மோதும். ரோபோ தடுமாறி, விழாமல் சமாளித்து, மறுபடி நடக்கும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் அந்த அனிமேஷன் காட்சியோடு அவன் வாரம் முழுக்க மல்லுக்கட்டினான்.

“யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்க. உங்களோடது சறுக்கவே மாட்டேங்குதே” என்றாள் மேலதிகாரி போனில். “பெட்டி வர்றது முன்னாடியே தெரிஞ்ச மாதிரி நிக்குது.”

வேலை வீட்டிலிருந்தேதான். போனைப் படமெடுக்க நிறுத்திவைத்து, கூடத்தில் கைகளை ஊன்றி முட்டி போட்டு, தானே சாய்ந்து பார்த்தான். உடம்பு பெரிய திருடன். விழப்போவது தெரிந்ததும் கை முன்னாலேயே ஊன்றிக்கொண்டது.

தள்ளிவிட ஓர் ஆள் வேண்டும். மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போன மனைவி போனவள்தான். போனிலிருந்த பெயர்களை மேலும் கீழுமாகப் பார்த்தான். ‘வந்து என்னைத் தள்ளிவிடு’ என்று உரிமையோடு கேட்க அதில் ஒருவரும் இல்லை.

மதியம் குளியலறை சுவிட்சை மாற்ற எலக்ட்ரீஷியன் வந்தார். கிளம்பும்போது மென்று விழுங்கிக் கேட்டுவிட்டான்.

“அண்ணே, நான் ஆடு மாதிரி நிப்பேன். பக்கத்துல இருந்து ஒரு தள்ளு தள்ளணும்.”

“சார், உடம்புக்கு ஏதாவது...?”

திரையைக் காட்டி விளக்கியதும் அவர் சிரித்துவிட்டார். “வீட்ல சொன்னா நம்பமாட்டாங்க.”

முதலில் பூவைத் தொடுவதுபோல் தொட்டார்.

“பலமாண்ணே.”

“ஆமா, என்ன சாப்பிட்டீங்க காலையில?”

அவன் பதில் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து ஒரே தள்ளு. முட்டி வழுக்கியது, தலை தொங்கியது, கை எங்கோ போய் ஊன்றியது.

“அடிபட்டுச்சா?” தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தன் தோளில் ஒரு கை விழுந்து எவ்வளவு காலமாயிற்று! “இல்லண்ணே” என்றான்.

அவர் போனபின், போனில் பதிவானதை ஓட்டிப் பார்த்தான். தள்ளிய மறுகணமே அவருடைய இரண்டு கைகளும் அவனைத் தாங்க நீண்டிருந்தன. பார்க்க வேண்டியது தன் கால்களைத்தான். ஆனால் கண் அந்தக் கைகளிலேயே நின்றது.

பிறகு வேலையில் உட்கார்ந்தான். ரோபோவின் பின்னங்காலை அகலமாக வழுக்கவிட்டான். சமாளித்து நின்றதும் உடனே நடக்கவிடாமல் கொஞ்சம் நடுங்கவிட்டான். ‘இப்ப சரி’ என்று மேலதிகாரியிடமிருந்து செய்தி வந்தது.

சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லை. எலக்ட்ரீஷியனையே கூப்பிட்டான்.

“அண்ணே, நம்ம ரோபோ பாஸாயிடுச்சு!”

“யாரு? ஓ, தள்ளிவிடச் சொன்ன சாரா! ரொம்ப நல்லது சார்.” பின்னால் குழந்தைகளின் இரைச்சல் கேட்டது. “வேற ஏதாவது ரிப்பேரா?”

அவர் வைத்துவிடுவாரோ என்று பதறி, “சமையலறை லைட் எரியல” என்றான்.

“ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன் சார்.”

சமையலறையில் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதை எப்படிப் பழுதாக்குவது என்று கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். அந்த வேலை அவனுக்குத் துளியும் தெரியாது.