கன்னத்தில் ஒதுக்கிய வைராக்கியம்

சிகரெட்டை நான் ஒரே நாளில் விட்டேன். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில், எங்கள் டவரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபத்தாறு வருஷப் பழக்கம், நாளைக்கு ஒரு பாக்கெட். அதை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லைட்டரோடு சேர்த்து ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தவன் நான். அதற்குப் பிறகு ஒரு இழுப்புகூட இழுத்ததில்லை. இவ்வளவும் சத்தியம். இதற்கு மேல் ஊரில் உலவிய கதைதான் முழு உண்மை இல்லை. அதை உலவ விட்டதும் நான்தான்.

என் மனைவி சுபாஷிணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இடது முழங்கை முழுக்க ஊசித் தழும்பு. பரிசோதித்துப் பார்த்ததில் என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படிப் போகும் என்றுதான் எனக்குத் தோன்றியது, நான் அப்படிப்பட்ட ஆசாமி. ஆனால் டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிகரெட் பிடிக்கிறவரிடமிருந்து எடுக்க மாட்டேன். இரண்டு மாதம் புகையே இல்லாமல் இருங்கள். சோதனை செய்துவிட்டுத் தேதி தருகிறேன். உங்களால் முடியுமா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். மூன்று மந்திரிகளைச் சமாளித்தவன். அந்த அறையைவிட்டு வெளியே வந்த உடனே சுபாவின் கண்ணெதிரில் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டேன். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் திருச்சியில் இருக்கும் தன் அக்கா அம்பிகாவுக்கு போன் போட்டாள்.

"ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டாருக்கா. ஒரு மருந்து கெடையாது, ஒரு மாத்திரை கெடையாது. என்னா வைராக்கியம்ங்கற!"

அந்த நிமிஷத்தில் அது உண்மைதான். பாக்கெட்டைப் போட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

நான்காம் நாள் ஆபீசில் ஒரு ஃபைலின் ஒரே வரியை ஆறு தடவை படித்தேன். கை நடுங்கியது. டிசம்பர் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டியது. பியூன் டீ கொண்டுவந்து வைத்த சத்தத்துக்கு அவன்மேல் எரிந்து விழுந்தேன். கால்கள் தாமாகவே கீழே இறங்கி, நடைபாதையில் இருக்கும் பான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயின. "பஹுத் தின் பாத், ஸர்ஜி!" ரொம்ப நாளாச்சே என்று கடைக்காரன் நான் கேட்காமலேயே என் பிராண்டை எடுத்து நீட்டினான். என் கையும் நீண்டது. சுபாவின் முழங்கை ஞாபகத்துக்கு வந்திருக்காவிட்டால் வாங்கியிருப்பேன். திரும்பி மெட்ரோ ஸ்டேஷனுக்குள் ஓடினேன்.

ராஜீவ் சௌக்கில் வண்டி மாறிக் கரோல் பாக்கில் இறங்கினேன். நிக்கோடின் சூயிங்கம் எங்கள் காலனி வாசலில் உள்ள மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் சுபாவுக்கு மாத்திரைகள் கொடுப்பவன் அந்தக் கடைக்காரன்தான். காலையில் நான் வாங்கினால் சாயங்காலம் 'ஸர்ஜிக்கு கம் வேலை செய்கிறதா' என்று அவளிடமே விசாரிப்பான். கல்லூரி நாளில் அப்பாவுக்குத் தெரியாமல் சிகரெட் வாங்க எவ்வளவு தூரம் போனேனோ, அதைவிட அதிக தூரம் அதை விடுவதற்கு மருந்து வாங்கப் போனேன்.

முதல் நாள் அதைப் பபிள்கம் மாதிரி அரைத்துத் தள்ளினேன். விளைவு, ஜாயின்ட் செகரட்டரி கூட்டிய மீட்டிங்கில் விடாமல் விக்கல். அவரே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அப்புறம்தான் பெட்டிக்குள் மடித்திருந்த காகிதத்தைப் படித்தேன். மெதுவாகக் கடிக்க வேண்டும். நாக்கில் சுருக்கென்று காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி. ஒரு கம்முக்கு அரை மணி நேரம். இரண்டே நாளில் தேறிவிட்டேன். கை நடுக்கம் நின்றது, பியூன் சிரிக்க ஆரம்பித்தான். நாளைக்குப் பத்து என்று தொடங்கியதைப் பொங்கலுக்குள் ஆறாகக் குறைத்தேன். ஒரு காரியத்தில் இறங்கினால் ஒழுங்காகச் செய்பவன் நான், அதை எங்கேயும் சொல்லிக்கொள்வேன்.

சுபாவிடம் மட்டும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் இன்னொரு விதி இருந்தது. காபி குடித்தால் கால் மணி நேரத்துக்குக் கம்மைத் தொடக் கூடாது, வாயில் கம் இருக்கும்போது காபி கூடாது, மருந்து உள்ளே இறங்காது. சுபா காபியைக் கொண்டுவந்து நீட்டுவாள். கன்னத்தில் கம் இருக்கும். "வெச்சிட்டுப் போ, அப்புறம் குடிக்கிறேன்" என்பேன். ஆறிப்போன டம்ளரைப் பார்த்துவிட்டு அவள் அக்காவிடம் அதையும் சொன்னாள். "காபியக்கூடக் கொறச்சிட்டாருக்கா. தவம் மாதிரி இருக்காரு."

தவத்தின் உச்சம், மோதி பாக்கில் நடந்த பொங்கல் விழா. தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் என்னை மேடையேற்றி மன உறுதி பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பதினெட்டு நிமிஷம் பேசினேன். "மருந்து, மாத்திரையெல்லாம் மனசு பலவீனமானவங்களுக்கு" என்று சொல்லும்போது இடது கன்னத்தில் அன்றைய மூன்றாவது கம் இருந்தது. முதல் வரிசையில் மாஸ்க் போட்டுக்கொண்டு சுபா உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்டியபோது அவள் தன் நல்ல கையால் மடியில் தட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. கம்மின் காரம் என்று வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் சோதனைக்குப் போனோம். ஆஸ்பத்திரியின் மாற்று அறுவைப் பிரிவில் மதுமதி என்று ஒரு பெண் இருக்கிறாள். கொடுப்பவர், பெறுபவர் இரண்டு பேர் காகிதங்களையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: "சிகரெட், குட்கா, நிக்கோடின் கலந்தது ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா?"

சுபா பக்கத்திலேயே நின்று என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"குச் பீ நஹீ", ஒன்றுமே கிடையாது என்றேன். சிறுநீரைக் குப்பியில் கொடுத்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் மதுமதி சுபாவின் போனில் கூப்பிட்டாள். என் சிறுநீரில் நிக்கோடினின் மிச்சம் இருக்கிறதாம். கொஞ்ச நஞ்சம் இல்லையாம். தேதி இப்போதைக்குக் கிடையாதாம்.

நான் ஆபீசிலிருந்து வந்தபோது சுபா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் வைஷ்ணவி நேராக வந்து என் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"ஸ்மெல் இல்லையே, அப்பா. வாயி நல்லா வாஷ் பண்ணிட்டு வர்றீங்களா? ப்ளீஸ், ஜூட் மத் போலியே, பொய் சொல்லாதீங்க."

"எத்தன?" என்றாள் சுபா. "ஒரு நாளைக்கு எத்தன குடிக்கிறீங்க?"

"ஒண்ணுகூட இல்ல, சுபா. ஒன் மேல சத்தியமா."

"மெஷினு பொய் சொல்லுதா?"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கம்மில் இருப்பதும் நிக்கோடின், மெஷின் பிடித்ததும் நிக்கோடின். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மோதி பாக் மேடையும் அந்தக் கைதட்டலும் குறுக்கே வந்து நின்றன. நான் வாயைத் திறந்தேன், வேறு வார்த்தை வந்தது.

"லேப்ல யாரோடதோ கலந்துட்டானுங்க! நாளைக்கே போய் ஒரு வழி பண்றேன் பாரு. எழுத்து மூலமா பதில் கேக்கறேன். யாருகிட்ட வேலை காட்டறானுங்க?"

நான் கத்தி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"குடிச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேங்க. இருபத்தாறு வருஷப் பழக்கம். ஆனா என் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, என் மொகத்தப் பாத்துக்கிட்டு இல்லேன்னு சொன்னீங்க. மதுமதிகிட்ட சொல்லிட்டேன். ஒங்க கிட்னி எனக்கு வேண்டாம். நான் இப்படியே டயாலிசிஸ்ல இருந்துக்கறேன்."

இப்படியே இருந்தால் எத்தனை வருஷம் என்று டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் சொல்லியிருக்கிறார். சுபாவுக்கு நாற்பத்தைந்து வயது. அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

மறுநாள் காலை டயாலிசிஸ். நான்கு மணி நேரம் அவள் அந்த நாற்காலியைவிட்டு எழ முடியாது. வழக்கமாக நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவேன். அன்று அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். குழாயில் அவளுடைய ரத்தம் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய பெருமைக்கு இவள் உயிரையா கேட்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. பையிலிருந்து கம் அட்டையை எடுத்து அவள் வலது கையில் வைத்தேன்.

"சிகரெட் இல்ல, சுபா. இதான். நாலாம் நாள்லேருந்து."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"இதுல இருக்கறதும் அதேதானா?"

"அதே நிக்கோடின்தான். பொகை கெடையாது, பொகையிலத் தார் கெடையாது. சிகரெட்ட விடறதுக்குன்னே டாக்டருங்க குடுக்கறது. டெஸ்ட்ல மாட்டினது இதுதான்."

"நேத்தே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"லேப்காரன் தப்புன்னு கத்தினீங்களே, அப்பவும்?"

"அப்பவும் தெரியும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் எனக்குப் பேச வந்துவிட்டது. கை நடுங்கியது, கரோல் பாக், ஆறிப்போன காபி என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நாலு நாள்கூடத் தாக்குப் பிடிக்கலேன்னு தெரிஞ்சா, என் மேல இவருக்கு இவ்ளோதான் பிரியம்னு நெனைச்சிடுவியோன்னு பயந்துட்டேன். அதான்."

சுபா தலையைத் தூக்கி நர்ஸைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், டாக்டர் கோ புலாயியே. ஜல்தி!"

டாக்டரம்மா வந்து அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கீழ்த்தளத்தில் உள்ள புகையிலை நிறுத்தப் பிரிவிலிருந்து உள்ளங்கை அளவு கருவி ஒன்றை வரவழைத்தார். மூச்சைப் பதினைந்து எண்ணும்வரை அடக்கி, அதன் குழாயில் மெதுவாக ஊதச் சொன்னார். சிகரெட் பிடிப்பவர் ஊதினால் புகையிலிருந்து வந்த வாயு மூச்சில் இருக்குமாம், எண் பத்துக்கும் இருபதுக்கும் ஏறுமாம். கம் மட்டும் மெல்பவர் மூச்சில் அது இருக்காதாம். நான் ஊதினேன். வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவையும் அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு என்று காட்டியது.

"நீங்கள் சிகரெட் பிடிக்கவில்லை" என்றார் டாக்டரம்மா. பிறகு நர்ஸ், பக்கத்து நாற்காலி நோயாளிகள் எல்லோரும் கேட்கும்படி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். "கம் மென்றது தப்பே இல்லை, என்னிடம் கேட்டிருந்தால் நானே எழுதித் தந்திருப்பேன், உங்கள் பழக்கத்துக்கு இதைவிட வீரியமானது வேண்டும், பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும், மறைத்ததுதான் முட்டாள்தனம்" என்றார். அறுவைக்கு முன் கம்மையும் படிப்படியாக நிறுத்த ஒரு அட்டவணை எழுதினார். தேதி மூன்று வாரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான் என்றார்.

மதுமதி ஃபைலோடு வந்து சுபாவின் முன்னால் நின்றாள். கொடுப்பவர் பெயரை அடித்துவிடச் சொன்னீர்களே, அடிக்கவா, இருக்கட்டுமா என்று கேட்டாள்.

"ரெஹ்னே தீஜியே", இருக்கட்டும் என்ற சுபா, என் பக்கம் திரும்பினாள். "ஒங்க வைராக்கியத்த இங்க யாரு கேட்டா? கிட்னியக் குடுங்க, போதும்."

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று நான் அவள் வலது கையைப் பிடித்தேன். அவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா, இவரு மருந்தில்லாம விட்டாருன்னு சொன்னேன்ல? அது பொய்யி. நாலாம் நாளே முடியல. கை நடுங்கிப் போச்சாம். யாருக்கும் தெரியாமக் கரோல் பாக் வரைக்கும் ஓடி மருந்து வாங்கிட்டு வந்து, ரெண்டு மாசமா என் காபியக்கூடக் குடிக்காம ஒளிஞ்சு ஒளிஞ்சு மென்னுருக்காரு. யாருகிட்டயும் போயி எதுக்கும் நிக்காத மனுஷங்கா, இவரு."

அந்தப் பக்கம் அம்பிகா என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சுபாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை இல்லை. இடது கை மெஷினில் இருந்தது, வலது கையால் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஆமாங்கா" என்றாள். "எனக்காகத்தான்."