கருகும் தோசைக்கு ஒரு விளக்கம்

1

இந்தக் கதை கருகிய தோசையிலிருந்து வந்தது. 2021 ஆகஸ்ட். பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல். நான் வழக்கமாகச் சாப்பிடும் குலசேகரத்தின் சாப்பாட்டுக்கடையில் தொலைக்காட்சியில் செய்தி ஓடினால் தோசை கருகும். பாட்டு ஓடினால் கருகாது. ஏன்? அடுப்பின் எரிவாயு, கல்லின் கனம், மாவின் புளிப்பு எல்லாவற்றையும் யோசித்தேன். (ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.)

“மரி-லூயிஸ், இதையும் கரியாக்கிப்போட்டியள். இனியும் கருகினால் வேறை ஆளைத்தான் பாக்கவேணும்” என்றார் குலசேகரம், தோசை சுடும் மரி-லூயிஸ் அக்காவிடம்.

“பாருங்கோ பத்ரோன். வாற ஆளும் உந்த ரீவியைத்தானே பாக்கப்போறார்.” (பத்ரோன் என்றால் பிரெஞ்சில் முதலாளி.)

2

திரையில் காபூல். அமெரிக்க விமானத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சமையலறைச் சன்னல் வழியே அதைப் பார்த்தபடி நின்றார் மரி-லூயிஸ். அவர் கண்களில் கடல்...

[வேண்டாம். அவர் கையில் தோசைக்கரண்டி இருந்தது. அவ்வளவுதான்.]

“அவையளை ஏத்துகினம். எங்கடை ஆக்களை ஏன் ஏத்தேல்லை?” என்று என்னைக் கேட்டார்.

2009இல் வன்னிக் கடற்கரையில் சிக்கியிருந்த அவருடைய தம்பி மடுத்தீன் போனில் கேட்டானாம்: ஆமிப் பக்கம் போகவா, நிற்கவா? ஆட்களை ஏற்ற அமெரிக்கக் கப்பல் வருகிறதாம் என்று அப்போது லா சப்பல் முழுவதும் பேச்சு. “நில்” என்றார் அக்கா. பிறகு அவனிடமிருந்து அழைப்பே இல்லை.

3

நான் விளக்கினேன். காபூலில் அமெரிக்கப் படை ஏற்கெனவே நின்றது; விமான நிலையம் அவர்கள் கையில். வன்னியில் அப்படியில்லை. கப்பல் கரைக்கு வர இலங்கை அரசு சம்மதிக்க வேண்டும், இல்லையேல் வாஷிங்டன் ஒரு சண்டைக்குத் துணிய வேண்டும், அதற்கு...

“விளங்குது தம்பி. ஆனால் அவன் வாஷிங்டனைக் கேக்கேல்லை. என்னையெல்லோ கேட்டவன்.”

4

கதைக்கு முடிவு ஒன்று: கப்பல் வருகிறது. (ஒரு பக்கம் எழுதினேன். மாலுமிக்குப் பெயர்கூட வைத்தேன். அழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ஒரு மத்தியானம் மடுத்தீன் கடைக்குள் நுழைந்து...

இல்லை. அவனுக்கு என்ன நடந்தது என்று அக்காவுக்கே தெரியாது. நான் எழுதமாட்டேன். உங்களுக்குத் துணிவிருந்தால் எழுதுங்கள். அவரிடம் மட்டும் காட்டவேண்டாம்.

தோசைக்கான வழி என்னிடம் உண்டு. தொலைக்காட்சியை எதிர்ச்சுவரிலிருந்து கழற்றி, சமையலறைச் சன்னலுக்கு மேலே, அந்தச் சன்னல் இருக்கும் சுவரிலேயே மாட்டினோம். சாப்பிடுகிறவர்களுக்குப் படம் தெரியும். அடுப்படியில் நிற்பவருக்குத் தெரியாது. ஒலியையும் நிறுத்தினோம். தோசை கருகவில்லை. மரி-லூயிஸ் வேலையில் இருக்கிறார்.