இரண்டு ஸ்பூன்

"ரெண்டு ஸ்பூன். அதுக்கப்புறம்தான் பிரஷ்" என்று சொல்லிக்கொண்டே சூப்பைக் கலக்கி ஆற்றினாள்.

"ஒண்ணு" என்றார் கட்டிலில் படுத்திருந்த கணவர். குரல் பாதி காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் பேரம் பேசுகிற குரல்தான்.

"ரெண்டு."

"ஒண்ணரை."

"அரை ஸ்பூனுக்கு நான் எங்க போவேன்? இதென்ன துணிக்கடையா, கிழிச்சுக் குடுக்க? வாயத் திறங்க."

பேரத்தில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. பதினாறு வருடமாகக் குழந்தைகள் காப்பகத்தில் சமையல் அவள். நாற்பது பிள்ளைகள். கேரட்டைக் கண்டால் ஓடுகிறவன், பருப்பைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கச் சுற்றுகிறவள், எல்லாரையும் அவள் ஒரே வித்தையில்தான் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டு ஸ்பூன், அப்புறம் பந்து. இரண்டு ஸ்பூன், அப்புறம் ஊஞ்சல். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சோற்றை ஊட்ட முடியாது என்பது அவள் கண்டறிந்த உண்மை. அதனால் செவ்வாய்க்கிழமை காலை, அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, வண்ணப்பெட்டியைப் பிரஷ்களோடு எடுத்துச் சமையலறை மேல்தட்டில் வைத்துவிட்டாள். இன்று புதன்.

அவர் பஸ் பணிமனையில் பெயின்டர். முப்பது வருடம் பஸ்களுக்குக் கோடு இழுத்தவர், எண் எழுதியவர். தெருவில் எல்லாருக்கும் அவர் பெயின்டர். பெண்டாட்டிக்கும் மனசுக்குள் அதே பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாட்டர்கலர். வரைவது கடலையோ மலையையோ இல்லை, வீட்டுச் சாப்பாட்டு மேசையை. அவள் சமைத்து எடுத்துவைத்ததும் "யாரும் கை வைக்காதீங்க" என்பார். பென்சிலை எடுத்தால் முக்கால் மணி நேரம். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆறித்தான் வயிற்றுக்குள் போயிருக்கிறது. மகள் சின்ன வயசில் தோழி வீட்டுக்குச் சாப்பிடப் போய், வைத்த உடனே வாயில் போட்டு, நாக்கு வெந்து அழுதுகொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சுடும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்று புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டை தெருமுனைவரை கேட்டது. அடுத்த ஞாயிறும் அவர் வரைந்தார், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

தெருமுனை நூலகக் கூடத்தில் சனிக்கிழமை உள்ளூர்க்காரர்களின் ஓவியக் கண்காட்சி. ஒரு சுவர் முழுக்கப் பெயின்டருக்கு, பன்னிரண்டு படம் வேண்டும் என்று அதை நடத்துகிற ஓவிய டீச்சர் சொல்லியிருந்தார். பதினொன்று சட்டம் போட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தன. பன்னிரண்டாவது, கட்டிலுக்கு எதிரே பலகையில். போன ஞாயிறு முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்து வரைந்தது. ரொட்டி, பீன்ஸ், மூன்று முட்டை, உப்புச் சிமிழ், கோடுபோட்ட மேசைத்துணி எல்லாம் வந்துவிட்டன. நடுவில் சூப் கிண்ணத்தின் விளிம்பு மட்டும்தான். உள்ளே வெறும் காகிதம், வட்டமாக, வெள்ளையாக.

திங்கட்கிழமை பூராவும் அவர் அந்தச் சூப்புக்குப் பூசணி மஞ்சளைத் தேடினார். துண்டுக் காகிதத்தில் தீற்றித் தீற்றிப் பார்த்தார். "பஸ்சுக்கு ஒரே மஞ்சள்தான் மேடம். பூசணிக்குள்ள பதினோரு மஞ்சள் இருக்கு" என்றார். கிண்டல் செய்யும்போது அவளை மேடம் என்பார். அன்று ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை. ஊசி போட வந்த நர்ஸ் அவளை வாசலுக்குக் கூட்டிப்போய், "அவர் கேக்கறதக் குடுங்க" என்று மெல்லச் சொன்னாள். சமையல்காரி காதில் அது சாப்பாடாகத்தான் விழுந்தது. உள்ளே ஏதாவது போனால் இன்னும் பத்து நாள் இருப்பார், பதினைந்து நாள் இருப்பார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

முதல் ஸ்பூன் இறங்கிவிட்டது. இரண்டாவதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். அவள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்குங்க."

கண்ணை மூடிக்கொண்டார். தொண்டை ஒருமுறை ஏறி நின்றது, பிறகு இறங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. கண்ணைத் திறந்து, வாயையும் பெரிதாகத் திறந்து, நாக்கைத் தூக்கி அடிவரை காட்டினார். காப்பகத்துப் பிள்ளைகள் அப்படித்தான் காட்டுவார்கள், ஒன்றும் ஒளித்துவைக்கவில்லை என்று.

"வெரி குட்" என்று சிரித்தாள் அவள்.

"சீக்கிரம் மேடம்."

"வர்றேன், வர்றேன்."

சமையலறைக்குப் போனவள் முதலில் கிண்ணத்தைக் கழுவினாள். பூசணி காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். ஸ்பூனைக் கழுவினாள். இரண்டையும் துணியால் துடைத்து அதனதன் இடத்தில் வைத்தாள். ஒரு வேலையின் பாத்திரம் கழுவாமல் அடுத்த வேலையைத் தொட்டதாக அவள் ஆயுசில் இல்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்தாள். அவருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வேண்டும், பிரஷ் கழுவ ஒன்று, நல்ல தண்ணீராக ஒன்று. இரண்டையும் பிடித்தாள். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிந்தாமல், அடி மேல் அடி வைத்து வந்தாள்.

அவர் படத்தைப் பார்த்தபடி இருந்தார். கை போர்வைக்கு வெளியே வந்திருந்தது. டம்ளர்களைப் பக்கத்து முக்காலியில் வைத்து, பெட்டியைத் திறந்து, "இந்தாங்க" என்றாள். இரண்டாவது தடவையும் "இந்தாங்க" என்றபோது அவளுக்குப் புரிந்துவிட்டது.

எதிர்வீட்டு அக்காதான் முதலில் ஓடிவந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு, "கடைசியா என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டாள். "சூப்பு. ரெண்டு ஸ்பூன்" என்றாள் அவள்.

"கடைசி வாய் உன் கையாலயே வாங்கிட்டுப் போயிருக்காரு பாரு. யாருக்குக் கிடைக்கும்?"

அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவருடைய அண்ணன் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். சேதி கொண்டுசேர்ப்பது கையோடு வந்த பழக்கம். வருகிறவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, "வீட்டுச் சாப்பாடு. அவ கையால. நிம்மதியாப் போயிட்டான்" என்று ஒரே வாசகத்தை எல்லாருக்கும் பட்டுவாடா செய்தார். வந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்து, அவள் கையைப் பிடித்து, அவளிடமே திரும்பச் சொன்னார்கள். கண் கண்ணாடிக் கடை வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்த மகளும் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அதையே சொன்னாள். வாயைத் திறந்தால் அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒவ்வொரு ஆறுதலும் கன்னத்தில் விழுகிற அறையாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் எடுத்துப்போனார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஓவிய டீச்சர் படங்களை வாங்கிப்போக ஆட்டோவில் வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார். "நீங்க கஷ்டப்பட வேணாம்மா. பதினொண்ணு போதும். இல்ல, எதுவுமே வேணாம்னாலும் சரி" என்றார்.

"பன்னெண்டும் வரும்" என்றாள் அவள். கூட்டிக்கொண்டு உள்ளே போனால், மகள் படத்தை மேசையில் கிடத்தி வண்ணப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். தட்டில் மஞ்சள் குழைந்திருந்தது. பெரியப்பா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சே நிமிஷம்மா" என்றாள் மகள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "கிண்ணம் மட்டும்தான் பாக்கி. அப்பா கை எனக்கு அப்படியே வரும், உனக்கே தெரியும்ல. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

அது உண்மைதான். அவளுக்கு அப்பாவின் கைதான். பிரஷை முனைக்குக் கிட்டத்தில் பிடிப்பது, குனியும்போது நாக்கைக் கடித்துக்கொள்வது, எல்லாமே அவர்தான்.

"வேணாம். பிரஷ்ஷ வை."

"அம்மா, இப்படியே மாட்டினா பாக்கறவங்க..."

"வை."

மகள் பிரஷைக் கையிலேயே வைத்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "குழந்தை ஆசையாச் செய்யறா. நாலு பேரு வர்ற இடம். அரைகுறையா மாட்டினா அவனுக்கு மரியாதையா? அவன் பஸ்ல ஒரு கோடு கோணினாலும் சுரண்டிட்டு மறுபடி அடிக்கறவன்."

டீச்சர் படத்தின் மேல் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "இல்ல சார். இது அரைகுறையாவே தெரியலை. மேசை நிறைய சாப்பாடு, நடுவுல ஒரு வெள்ளை. வேணும்னேதான் விட்டிருக்கார்னு தோணுது. ரொம்ப ஆழமா..."

"வேணும்னு விடலை டீச்சர்" என்றாள் அவள். "அது பூசணி சூப்பு. திங்கக்கிழமை பூரா அதுக்கு மஞ்சள் தேடினாரு. அப்புறம் தேடறதுக்குக் கையில பெட்டி இல்லை."

அவளே தொடர்ந்தாள்.

"நான் எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டாத்தான் குடுப்பேன்னு சொன்னேன். காப்பகத்துல பசங்களுக்குச் சொல்ற மாதிரியே சொன்னேன். மனுஷன் முழுங்க முடியாம முழுங்கினாரு. வாயத் திறந்து காட்டினாரு. அப்பவும் நான் நேராப் போய்ப் பெட்டிய எடுக்கலை. பாத்திரத்தக் கழுவினேன். கழுவித் துடைச்சு வச்சுட்டு அப்புறம்தான் எடுத்துட்டு வந்தேன். அவரு சாப்பிட்டது பசிக்கு இல்ல. பிரஷ்ஷுக்கு."

பெரியப்பா நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு நாளாக அவர் வாசலில் நின்று வழங்கிக்கொண்டிருந்தது என்ன என்பது இப்போதுதான் உறைத்தது என்று முகத்தில் தெரிந்தது. "அது... நீ நல்லதுக்குத்தானேம்மா..." என்று ஆரம்பித்தார்.

"ஆறுதல் சொல்லாதீங்க. ரெண்டு நாளாக் கேட்டாச்சு, போதும்." குரல் உயரவில்லை. "அத மூடி மஞ்சள் அடிச்சுட்டா நான் எதுவும் செய்யாத மாதிரி ஆயிடும். நல்லா சமைச்சுப் போட்டு அனுப்பினவள்னு ஊரே சொல்லும். நானும் கொஞ்ச நாள்ல நம்பிடுவேன். எனக்கு அது வேணாம்."

மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா வருத்தமா என்று அவளுக்கே தெரியாத ஒரு பார்வை. எழுந்து போய்ப் பிரஷைக் கழுவினாள். குழாய் நெடுநேரம் ஓடியது. திரும்பி வந்து, படத்தின் பின்பக்கம் அட்டையை வைத்து, சட்டத்தில் பொருத்தி, ஆணிகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். கடைசி ஆணி இறங்காமல் அடம்பிடித்தது. அம்மா வந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கூடத்தில் நல்ல கூட்டம். பெயின்டரின் சுவரில் பதினொரு மேசைகள், பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனை படத்திலும் அவள் சமையல்தான். இவ்வளவு சமைத்திருக்கிறோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பன்னிரண்டாவது படத்தின் கீழே ஒட்டுவதற்கு டீச்சர் ஒரு சின்ன அட்டையும் பேனாவும் கொடுத்து, "என்ன எழுதலாம்மா?" என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். இரண்டு வரியில் அடங்குகிற சங்கதியாக இல்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூடத்தின் மூலையில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை எடுத்துவந்து படத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

பணிமனையிலிருந்து ஒரு டிரைவர் சீருடையோடு வந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்து, ரொட்டியைப் பார்த்து எச்சில் விழுங்கி, பன்னிரண்டாவதுக்கு வந்து நின்றார்.

"என்ன அண்ணி, நடுவுல மட்டும் ஒண்ணும் இல்லை?"

"பூசணி சூப்பு" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தார். "இருங்க, சொல்றேன்" என்று அவரை நிறுத்தி, முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். பெட்டியை எங்கே ஒளித்தாள், அவர் ஒண்ணரை என்று எப்படிக் கேட்டார், எந்தக் கிண்ணத்தைக் கழுவினாள், எல்லாம். டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். வெள்ளை வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வர்றவங்க எல்லார்கிட்டயுமா சொல்லப்போற?" என்று கேட்டாள்.

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் பத்தாவது படத்தின் முன்னால் நின்றிருந்தாள். பதினொன்றாவதுக்கு நகர்ந்தாள். அம்மா தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் படத்தின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.